இரும்புச்சத்து மாத்திரை: யாருக்குத் தேவை, எவ்வளவு நாள் தேவை, எப்போது நிறுத்தணும்?

ஜொகூர் பாருவில் பொழுது விடியும் முன்பே பலருக்கு நாள் தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கே பாலத்தைக் கடக்கக் கிளம்புகிறார்கள். பசியாறல் பெரும்பாலும் வழியில்தான். மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். கைப்பையில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தால், அதுவும் அந்தத் தேநீரோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

ஆனால், தேநீரோடு போட்ட மாத்திரையில் உள்ள இரும்பின் பெரும்பகுதி உடம்பில் சேர்வதில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த மாத்திரை அவருக்கு உண்மையிலேயே தேவையா?

மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது 10 பெண்களில் மூவருக்கு. தமிழ்நாட்டில் இது இன்னும் அதிகம். இந்தியாவின் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், அங்கே அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது.

எண்ணிக்கை இவ்வளவு என்றதும், "எல்லாரும் ஆளுக்கொரு மாத்திரை போட்டா சரியாப் போயிடும்" என்று தோன்றலாம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. உடம்புக்கு வேண்டிய இரும்பின் அளவு வயதுக்கு வயது மாறுகிறது. ஒரே பெண்ணுக்கு 13 வயதில் ஒரு கணக்கு, கர்ப்பத்தின் எட்டாவது மாதத்தில் வேறொரு கணக்கு, 55 வயதில் இன்னொரு கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது, மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்வது, எப்போது எடுக்கவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

உடம்பில் இரும்பு என்ன செய்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கச் சேர்ப்பது அதுதான். மீதி இரும்பில் பெரும்பகுதி கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கிறது. தசைகளிலும் கொஞ்சம் உண்டு.

இரும்பு விஷயத்தில் நம் உடம்பு சரியான கஞ்சன். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழியும்போது அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்காமல் எடுத்து, புதிய அணுக்கள் செய்யப் பயன்படுத்திக்கொள்கிறது. இப்படித் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு மறுசுழற்சி ஆகிறது. வெளியே போவது சுமார் 1 மில்லிகிராம்தான்.

அந்த 1 மில்லிகிராமை சாப்பாட்டில் இருந்து ஈடுகட்டினால் போதும். ஆனால் அரிசிச் சோறு, காய்கறி, பருப்பு அதிகமாக உள்ள உணவில் இருக்கும் இரும்பில் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் உடம்பில் சேர்கிறது. அதனால் 1 மில்லிகிராம் உள்ளே சேர, தட்டில் 10 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

இதில் ரத்தப்போக்கு வந்து சேர்ந்தால் கணக்கு அப்படியே மாறிவிடும். 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 40 மில்லிலிட்டர் ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடும். 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். ஒருமுறை 450 மில்லிலிட்டர் ரத்த தானம் செய்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் போகிறது.

வயதுக்கு வயது எவ்வளவு தேவை?

உணவு, வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட அட்டவணை, பல நாடுகளின் ஊட்டச்சத்துப் பரிந்துரைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. உணவில் உள்ள இரும்பில் 10 விழுக்காடு மட்டும் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சாப்பாட்டில் இருக்க வேண்டிய இரும்பின் அளவு இதுதான்:

• 6 முதல் 12 மாதக் குழந்தை: 9.3 மில்லிகிராம்
• 1 முதல் 3 வயது: 5.8 மில்லிகிராம்
• 7 முதல் 10 வயது: 8.9 மில்லிகிராம்
• 11 முதல் 14 வயதுப் பெண், வயதுக்கு வருவதற்கு முன்: 14 மில்லிகிராம்
• அதே வயதுப் பெண், வயதுக்கு வந்த பிறகு: 32.7 மில்லிகிராம்
• 15 முதல் 17 வயது ஆண்: 18.8 மில்லிகிராம்
• வளர்ந்த ஆண்: 13.7 மில்லிகிராம்
• மாதவிடாய் உள்ள வளர்ந்த பெண்: 29.4 மில்லிகிராம்
• பாலூட்டும் தாய்: 15 மில்லிகிராம்
• மாதவிடாய் நின்ற பெண்: 11.3 மில்லிகிராம்

இந்தப் பட்டியலில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, 6 மாதக் குழந்தை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, தாயிடம் இருந்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத் தேவையான இரும்பைச் சேமித்து எடுத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு தீரும் நேரத்தில்தான் திட உணவு தொடங்குகிறது. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு, மூன்று வயதுக் குழந்தையைவிட அதிக இரும்பு தேவைப்படுவது இதனால்தான். வெறும் கஞ்சியும் பாலும் அந்த இடைவெளியை நிரப்பாது. பிறந்த உடனே தொப்புள் கொடியை இறுக்காமல், குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்கும் இந்தச் சேமிப்பு ஒரு காரணம்.

இரண்டாவது, வயதுக்கு வந்த பெண். ஒரே வருடத்துக்குள் தேவை இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆனால் வீட்டில் அவளுடைய தட்டு மாறுவதில்லை. பல வீடுகளில் அண்ணனுக்குப் போகும் கறித்துண்டுதான் பெரிது. உயரம் கூடும் வயதும் அதுவே, மாதாமாதம் ரத்தம் போகும் வயதும் அதுவே.

மூன்றாவது, பாலூட்டும் தாய். தேவை கூடியிருக்கும் என்றுதான் நினைப்போம். உண்மையில் குறைகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதோடு, பாலூட்டும் முதல் சில மாதங்களில் பலருக்கு மாதவிடாய் வருவதில்லை. ஆனால் பிரசவத்தில் நிறைய ரத்தம் போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது இழந்ததை ஈடுகட்ட மாத்திரை தேவைப்படும்.

கர்ப்ப காலத்தில் என்ன நடக்கிறது?

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. குழந்தை, நஞ்சுக்கொடி, தாயின் உடம்பில் கூடும் ரத்தம், பிரசவத்தில் இழக்கும் ரத்தம் எல்லாம் இதில் அடக்கம்.

இது மாதாமாதம் ஒரே சீராகச் செலவாவதில்லை. முதல் மூன்று மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடுவதால், தினமும் உடம்பில் சேர வேண்டியது 0.8 மில்லிகிராம்தான். நடு மூன்று மாதங்களில் 4 முதல் 5 மில்லிகிராம். கடைசி மூன்று மாதங்களில் 6 மில்லிகிராமுக்கு மேல். அவ்வளவு இரும்பைச் சாதாரணச் சாப்பாட்டில் இருந்து மட்டும் எடுப்பது அநேகமாக முடியாத காரியம்.

அதனால்தான் கர்ப்பிணிகள் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பையும், 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலேசிய அரசு சுகாதார கிளினிக்குகளில் கர்ப்பப் பதிவின்போதே ஹீமோகுளோபின் பார்த்து, 'புக்கு பிங்க்' என்று எல்லாரும் அழைக்கும் புத்தகத்தில் எழுதி, மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மாத்திரை வீடு வரை வருவதில் சிக்கல் இல்லை. அதைப் போடுவதில்தான் சிக்கல். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவது ஆகியவற்றால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பாவது சாதாரணம், பயப்பட வேண்டியதில்லை. குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைக்காமல் நர்சிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரையோ, வேறு அளவோ, வேறு நேரமோ மாற்றித் தருவார்கள். கடைசி மாதங்களில் மாத்திரை போதாது என்றால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் சிகிச்சையும் இருக்கிறது.

கல்லீரல் போடும் கட்டுப்பாடு

கூடுதல் இரும்பை வெளியேற்ற நம் உடம்பில் வழி இல்லை. உள்ளே வருவதை மட்டுமே கட்டுப்படுத்த முடியும். அந்த வேலையைச் செய்வது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அறிவியலாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள்.

உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் கூடும், குடலில் இருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் கதவு மூடும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், கதவு திறக்கும். காய்ச்சல், தொற்று, நாள்பட்ட அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் கூடும். உடம்பு சரியில்லாத நேரத்தில் மாத்திரை சரியாக வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் இருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பு, மாத்திரை போடும் பழக்கத்தையே மாற்றி வருகிறது. ஒரு பெரிய மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய 24 மணி நேரம் அப்படியே நிற்கிறது. மறுநாள் போடும் மாத்திரை, பாதி மூடிய கதவின் முன்னால் போய் நிற்கிறது. 2017-இல் 'லான்செட் ஹீமட்டாலஜி' இதழில் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களில் ஒரு பிரிவினர் தினமும் மாத்திரை போட்டார்கள், இன்னொரு பிரிவினர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார்கள். தினமும் போட்டவர்களுக்கு 16.3 விழுக்காடு இரும்பு சேர்ந்தது. ஒரு நாள் விட்டுப் போட்டவர்களுக்கு 21.8 விழுக்காடு.

அதற்காக, டாக்டர் தினமும் போடச் சொன்னதை நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளாமல் மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

வாரம் ஒருமுறை போடுவதும் புதிதல்ல. மலேசியப் பள்ளி மாணவிகளிடம் தீ இ சியோங்கும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. 22 வாரம், வாரம் ஒருமுறை பள்ளியிலேயே இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்ததில், மாணவிகளின் ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பும் கூடின. இந்தியாவிலும் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம் நடந்து வருகிறது.

'ரத்தம் கம்மி' என்றால் இரும்பு கம்மியா?

தலை சுத்துது, மூச்சு வாங்குது, மாடி ஏற முடியல, முடி கொட்டுது என்றதும் வீட்டில் யாராவது ஒருவர், "ரத்தம் கம்மியா இருக்கும், பார்மசில மாத்திரை வாங்கிப் போடு" என்று சொல்லிவிடுவார்கள்.

பச்சரிசி, ஐஸ் கட்டி, விபூதி, மண் ஆகியவற்றைத் தின்னும் ஆசையும் இரும்புக் குறைவோடு சேர்ந்து வருவதுண்டு. "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று கேலி செய்து விட்டுவிடுவது நம் வழக்கம். அப்படித் தின்னும் பிள்ளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஹீமோகுளோபின். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு லிட்டருக்கு 120 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 130 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. மலேசிய கிளினிக் ரிப்போர்ட்டில் இதையே 12, 13 என்று டெசிலிட்டர் கணக்கில் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு, ஃபெரிட்டின். இது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே இருந்தாலே கவனிக்கிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம். சம்பளம் வருகிறது, வங்கிக் கணக்கு மட்டும் காலி என்பது போன்ற நிலைமை அது. சளி, காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று, தலசீமியா. மலேசியாவில் இதைச் சொல்லாமல் இரும்பைப் பற்றிப் பேச முடியாது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களின் சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும், ஹீமோகுளோபினும் லேசாகக் குறைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைவு போலவே தெரியும். ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு போதுமான அளவு இருக்கும். வருடக்கணக்கில் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை செய்யப்படுகிறது. அப்போது உங்களுக்கு என்ன முடிவு வந்தது என்று தெரியுமா? தெரியவில்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள், அந்தத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். இரும்பு மாத்திரைக்கு மட்டுமல்ல, கல்யாணத்துக்கு முன்பும் அது உதவும்.

இவை தவிர, பி12, ஃபோலேட் குறைவாலும் ரத்தசோகை வரும். முழுச் சைவமாக இருப்பவர்களுக்கும், நீரிழிவுக்காகப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. இரும்பு மாத்திரை அதைச் சரிசெய்யாது.

ரத்தம் எங்கே போகிறது? தோட்டம் சொல்லித்தந்த பாடம்

இரும்பு குறைந்தால் சாப்பாடு போதவில்லை என்று மட்டும் நினைக்கிறோம். மலாயாத் தோட்டங்களின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன், ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடையே ரத்தசோகை பெரும் பிரச்சினையாக இருந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1915 முதல் 1917 வரை கீழை நாடுகளுக்கு ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பியது. பனாமா கால்வாய்ப் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் டார்லிங் அதற்குத் தலைமை தாங்கினார். மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் பற்றி அவர்கள் செய்த ஆய்வு 1920-இல் நூலாக வந்தது.

கழிப்பிட வசதி இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியாகக் கொக்கிப்புழு உள்ளே நுழையும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சில துளிக்கும் குறைவு. ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தால், என்ன சாப்பிட்டாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. புழு உள்ளேயே இருக்கும்போது சத்துணவு மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இன்று ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு பெரிய கவலை இல்லை. ஆனால் கேள்வி அதேதான்: இரும்பு எங்கே போகிறது?

• மாதவிடாய்: ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகளாகப் போனால் அது அதிகம். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அம்மா சொன்னாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கருப்பைக் கட்டி உட்பட பல காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு.

• வயிறு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி, இரும்பு உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். மலாயா பல்கலைக்கழகத்தின் கோ கீன் லீ, பராசக்தி ஆகியோரின் 2001 ஆய்வு, மலேசியாவில் இந்தத் தொற்று மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று காட்டியது. மாத்திரை போட்டும் பலன் இல்லை, வயிற்றெரிச்சலும் இருக்கிறது என்றால் இதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

• ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும்: மாதாமாதம் ரத்தம் போகாத இவர்களுக்கு இரும்பு குறைந்தால் அது எச்சரிக்கை மணி. குடல் புண், மூலம், குடல் புற்றுநோய் என எங்காவது தெரியாமல் ரத்தம் கசியலாம். உங்கள் அப்பாவுக்கோ பாட்டிக்கோ ரத்தசோகை என்று சொன்னால், மாத்திரை வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெட்டியில் 200, உள்ளே 65

மாத்திரைப் பெட்டியில் எழுதியிருக்கும் எண் பலரைக் குழப்பும். 'ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம்' என்றால், அதில் 200 மில்லிகிராம் இரும்பு இல்லை. அது உப்பின் எடை. உள்ளே இருக்கும் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். உலர் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராமிலும் அவ்வளவுதான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மில்லிகிராமில் சுமார் 35.

அதேபோல, பல மல்ட்டிவைட்டமின் மாத்திரைகளில் இரும்பு மிகக் குறைவாகவே இருக்கும். அது சாதாரணத் தேவைக்கு உதவலாம், ரத்தசோகைக்கு மருந்தாகாது. எந்த மாத்திரையை வாங்கினாலும், "இதுல இரும்பு மட்டும் எவ்வளவு இருக்கு?" என்று பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

எப்போது போடலாம், எதோடு போடலாம்?

தேநீரில் இருந்தே தொடங்கலாம். 1975-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று, சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சாப்பிடும்போது தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறைகிறது என்று காட்டியது. தேநீரில் உள்ள டானின், இரும்போடு ஒட்டிக் கரையாத பொருளாகிவிடுகிறது. காபியும் அப்படித்தான். 2023-இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், மாத்திரையைத் தண்ணீருக்குப் பதில் காபியோடு போட்டபோது சேரும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

ஆகவே:

• காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், தண்ணீரோடு போடுவது நல்லது. பாலத்துக்குக் கிளம்புபவர்கள் வீட்டிலேயே போட்டுவிடலாம். தே தாரிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து.
• பால், மைலோ, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்துப் போட வேண்டாம்.
• தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எடுப்பவர்கள் எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரும்பு அவற்றின் வேலையையும் கெடுக்கும்.
• வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொஞ்சம் சாப்பாட்டோடு போடலாம். குறைவாகச் சேரும், ஆனால் போடாமல் விடுவதைவிட மேல்.

வைட்டமின் சி மாத்திரையும் சேர்த்து வாங்க வேண்டுமா? சாப்பாட்டில் உள்ள இரும்புக்கு எலுமிச்சை, கொய்யா போன்றவை நன்றாக உதவும். ஆனால் மருந்தாகப் போடும் இரும்பு மாத்திரையோடு தனியாக வைட்டமின் சி மாத்திரையும் போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிடப் பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை என்று 2020-இல் வந்த சீன ஆய்வு காட்டியது. அந்தக் காசு மிச்சம்.

மாதுளையா, முருங்கையா, கல்லீரலா?

ரத்தம் ஊறும் என்று நாம் நம்பும் பல பொருள்களின் நிறம்தான் சிவப்பு. 100 கிராம் மாதுளையில் உள்ள இரும்பு 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் 0.8. பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய 1. வேகவைத்த பருப்பில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாதுளை நல்ல பழம்தான், ஆனால் ரத்தசோகைக்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

கறி, மீன், கோழி ஈரல், கெராங் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் வகை. அது எளிதில் சேரும், தேநீராலும் அதிகம் பாதிக்கப்படாது. கீரை, பருப்பு, தானியங்களில் இருப்பது வேறு வகை. முருங்கைக்கீரை, அரைக்கீரை எல்லாம் நல்லவைதான். எலுமிச்சைச் சாறு பிழிந்தோ, தக்காளி சேர்த்தோ, கூட நெத்திலி போட்டோ சமைத்தால் அதிலுள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அதிகம் சாப்பிட வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் சைவம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். சேமிப்பு சரியாக இருந்தால் ஒரு மாதச் சைவத்தால் இரும்பு தீர்ந்துவிடாது.

சமையலறை வழியாகவே இதைச் சரிசெய்ய முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு, இரும்பு கலந்த கறித்தூள் கொடுத்து நடத்திய ஆய்வு 1989-இல் வெளியானது. தினசரிக் குழம்பில் போகும் அந்தத் தூளால், குறிப்பாகப் பெண்களின் இரும்பு நிலை மேம்பட்டது. யாரும் மாத்திரை போட நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

யாருக்கு ஆபத்து?

முதலில், வீட்டில் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு. மாத்திரை மிட்டாய் போல இனிப்புப் பூச்சோடு, சிவப்பாக இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனாலே நச்சு அறிகுறிகள் வரலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 65 மில்லிகிராம் மாத்திரையில் மூன்றுதான். கிலோவுக்கு 60 மில்லிகிராம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மாத்திரைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள். ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் இரும்பும் உள்ளே போகிறது. இதயத்திலும் கல்லீரலிலும் சேரும் அந்த இரும்பை வெளியேற்றத் தனி மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு, மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை கொடுப்பது தீங்கு.

எப்போது நிறுத்தணும்?

மாத்திரை சரியாக வேலை செய்தால், மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மூன்று கேள்விகள்: மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறோமா, ரத்தம் இன்னும் எங்காவது போகிறதா, முதலில் இது இரும்புக் குறைவுதானா?

ஏறிவிட்டால் பலர் அன்றே நிறுத்திவிடுவார்கள். அது அவசரம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப, பொதுவாக இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். பிறகு ஃபெரிட்டின் பார்த்து நிறுத்தலாம். தேவை திரும்ப மாறும்போது, அதாவது கர்ப்பம், பிரசவம், மாதவிடாய் கூடுவது, அடிக்கடி ரத்த தானம் செய்வது போன்ற நேரங்களில், மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

அக்காவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தங்கை போடுவதும், போன வருடம் வாங்கிய பெட்டியை இந்த வருடம் தொடர்வதும் வேண்டாம். உங்கள் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் கடைசியாக எவ்வளவு இருந்தன? பதில் தெரியவில்லை என்றால், பார்மசிக்குப் போவதற்கு முன் கிளினிக்குக்குப் போங்கள்.